லோரியின் பம்பரும் புகைக்கரியும்

நெடுந்தூரம் ஓடிவரும் லோரிகளின் பின்புறத்தில், புகைக்குழாயை அடுத்த பம்பரின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். சேற்றையும் புழுதியையும் அடித்துச் செல்லும் தண்ணீர் அக்கறுப்பை அசைப்பதில்லை. சவர்க்கார நுரையிட்டுத் தேய்த்தால் துணி கறுக்குமேயன்றிப் பம்பர் வெளுப்பதில்லை. பொறுமையிழந்த தொழிலாளி எஃகு நாரைக் கையில் எடுக்கிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

டீசல் எந்திரத்தில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கிச் சூடேற்றி, அதனுள் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். தூவிய எண்ணெயின் நடுவே காற்று போதாத இடங்களில் அது முற்றும் எரியாமல் கரித்துகள்களாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறினும் சிறியவை அத்துகள்கள். அவை தனித்து நில்லாமல் சங்கிலிபோற் கோத்துக்கொள்கின்றன. புகை குளிருங்கால் எரியாத டீசலும் மசகெண்ணெயும் அவற்றின்மேற் படிகின்றன. ஓடும் லோரியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், வெளியேறிய புகையின் ஒரு பகுதி திரும்பி வந்து வண்டியின் முதுகிலேயே அப்பிக்கொள்கிறது.

ஆகவே பம்பரில் இருப்பது வெறுங்கரி அன்று, மை. விளக்குக்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்துக் கண்மை செய்த பாட்டிமார்க்கு இது சொல்லாமலே விளங்கும். கரி தனித்திருந்தால் ஊதினாலே பறந்துவிடும். எண்ணெய் சேர்ந்தபின் ஒட்டிக்கொள்ளும்.

லோரி கழுவும் இடத்தில் கிடைக்கும் எந்தத் திரவத்திலும் கரி கரைவதில்லை. கரைக்கத்தக்கது அதைப் பிடித்திருக்கும் எண்ணெயே. சமையற் பிசுக்கைக் காரம் சவர்க்காரமாக மாற்றிவிடும். மசகெண்ணெயோ கனிம எண்ணெய், காரத்தால் அவ்வாறு மாறாது. எனவே காரத்தை மேலும் மேலும் கூட்டுவதாற் பயனில்லை. அலுமினியப் பம்பராயின் கடுங்காரம் உலோகத்தையே அரித்து மங்கச் செய்யும்.

பம்பர் நன்றாக ஆறியபின் முதலில் நிறையத் தண்ணீர் விட வேண்டும். பிறகு எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட வேண்டும்; உலரவிடலாகாது. எண்ணெய் தளர்ந்ததும் மென்மையான தூரிகையால் மெல்லத் துலக்கி, தண்ணீரால் அடித்துவிட்டால் கரி மிதந்து போகும். எஞ்சியதற்கு மறுமுறையும் இதையே செய்வது நன்று. கையின் வலிமையைக் கூட்டுவது நன்றன்று. மண்ணெண்ணெயும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் தீப்பற்றும், ரப்பரைக் கெடுக்கும்.

வலிந்து தேய்ப்பதன் கேட்டை ஓலைச்சுவடி காட்டும். எழுத்தாணியாற் கீறிய ஓலையில் எழுத்து முதலிற் தெளிவாய்த் தெரியாது. கரிகலந்த மையைத் தடவித் துடைத்தால், ஓலையின் பரப்பு வெளுக்கும். கீறலில் மட்டும் கரி நின்று எழுத்தாகும். மையாடுதல் என்பது இதுவே. பம்பரின் குரோமியப் பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தொரு பங்கினும் மெல்லியது. எஃகு நார் அதன்மேல் எழுத்தாணியாகிறது. அடுத்த வாரப் புகை மையாடிவிடுகிறது. பிறகு அக்கறுப்பு எதற்கும் அசையாது.

துலக்கிய பம்பரை உலர்த்தி மெழுகு பூசினால் அடுத்த கரி மெழுகின்மேலேயே தங்கும். விறகடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் அடியில் மண் பூசிய பழைய சமையற்கட்டின் அறிவும் இதுதான்.

நன்கு துலக்கியும் சில நாளிலேயே பம்பர் கறுக்குமாயின், குறை எந்திரத்தில் இருக்கிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், எண்ணெய் தூவும் முனை பழுதாகியிருக்கலாம், சுமை மிகுந்திருக்கலாம். கரிவடிகட்டி பொருத்திய புதிய லோரிகளின் புகைக்குழாய் கறுப்பதே அரிது. கறுத்தால் அவ்வடிகட்டியைச் சோதிக்க வேண்டும்.

கழுவுவோரின் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்க்கு வந்த ஒருவகைப் புற்றுநோயை அவர்தம் தோலிற் படிந்த கரியோடு பொருத்தி, இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் பட்டியலிற் சேர்த்தது. கரியை உலர்ந்தபடியே சுரண்டினால் அது மூச்சோடு உள்ளே செல்லும். நனைத்தே துலக்க வேண்டும். எந்திரம் ஓடும்போது புகைக்குழாயருகே குனியலாகாது. கையுறை அணிவது செலவன்று. கையுறையின்றிக் கறுத்துவிட்ட கையை மண்ணெண்ணெயிற் கழுவும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது தோலின் இயற்கைப் பசையைப் போக்கி வெடிக்கச் செய்யும். சிறிது தேங்காயெண்ணெய் தடவித் தளர்த்தி, பின் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும்.