நீலமும் மஞ்சளும்

மயிலாப்பூர், தியாகராய நகர்த் தெருக்களில் சிறுவர் பெரிதும் ஆடுவது மட்டைப்பந்தே. எனினும் 2014இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. அணி, நகரத்து இளைஞரை நீலச் சட்டையுடன் நேரு விளையாட்டரங்கிற்கு வரவழைத்தது.

கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடனான போட்டியுணர்வு அவ்வாண்டு டிசம்பரிலேயே வேர்விட்டது. இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியில், இரு ஆட்டங்களின் கோல்களும் கூட்டிக் கணக்கிடப்பட்டன. கொச்சியில் 3-0 எனத் தோற்ற சென்னை, தன் மண்ணில் மூன்று கோல்களையும் திருப்பியடித்தது. கூடுதல் நேரத்தின் இறுதியில், 117ஆம் நிமிடத்தில், ஸ்டீஃபன் பியர்சன் அடித்த கோல் கேரளத்தைக் கரையேற்றியது. அரங்கம் உறைந்தது.

கேரள ரசிகர் மஞ்சளணிந்து ‘மஞ்ஞப்பட’ எனத் திரள்வர். சென்னையில் ‘சூப்பர் மச்சான்ஸ்’. மைத்துனனைக் குறித்த உறவுப்பெயர் தோழமைச் சொல்லாகிக் கொடியிலும் ஏறியது சுவையானது. சென்னையில் மலையாளிகள் பலர் வாழ்வதால், அண்டை வீட்டார் எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து முழங்கிவிட்டு, ஒரே பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் திரும்புவதும் உண்டு.