கொம்பு முறியலாம், இயந்திரம் முறியலாமா?

கண்ணகியம்மன் வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டை நேரிற் கண்ட முதியோர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிவர். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பர். எச்சேரியின் கொம்பு முறிகின்றதோ அச்சேரி தோற்றதாகும்.

இவ்விளையாட்டில் நாம் வியக்கும் நுட்பம் ஒன்றுண்டு. இப்படி இழுத்தால் ஏதாவதொன்று முறிந்தே தீரும். அதனை ஆடுவோர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, முறிய வேண்டிய பொருள் இன்னதென்றும் தாமே குறித்துவிடுகின்றனர். கொம்பு முறியும், இழுத்தவர் மல்லாந்து மண்ணில் விழுவர், ஆரவாரம் எழும். அவ்வளவுதான்.

இந்த நினைவு எமக்கு எழுந்ததற்குக் காரணம், எம்மிடம் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் தன் கைத்தொலைபேசியிற் காட்டிய காட்சியாகும். ஐக்கிய அமெரிக்காவில் ஏதோ ஒரு திடல். கொள்கலன் பெட்டிகளை இழுத்துச் செல்லும் பெரிய லொறியின் முன்பகுதி மாத்திரம், பின்னால் இரும்புப் பாரமொன்றைப் பூட்டிக்கொண்டு, மண் தரையில் உறுமியபடி புறப்படுகின்றது. கரும்புகை வானளாவ எழுகின்றது. பாதித் தூரம் சென்றதும் அதன் குரல் மாறுகின்றது. உறுமல் வீரிடலாகின்றது. அடுத்த கணம் ஒரு வெடியோசை, முகப்பிலே தீ.

“சேர், டிரைவர் சாவிய ஓஃப் பண்ணிட்டார் எண்டு சொல்றாங்க. பிறகு ஏன் எஞ்சின் நிக்கல்ல?” என்று கேட்டான் மாணவன்.

வினா சிறியதுதான். ஆனால் விடை அமெரிக்கத் திடலிலே தொடங்கி, எமது படுவான்கரை வட்டையிலே வந்து முடிகின்றது.

பாரம் வளரும் பந்தயம்

குதிரைகளைப் பூட்டிப் பாரம் இழுப்பித்துப் பந்தயம் கட்டிய குடியானவர்களின் வழக்கத்திலிருந்தே இவ்விளையாட்டுப் பிறந்தது. குதிரையின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்ட பின், 1929ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்து வோன்ஸ்வில்லிலும் மிசூரி மாநிலத்துப் போலிங் கிறீனிலும் இயந்திர இழுவைப் போட்டிகள் நடைபெற்றன. பிற்காலத்தில் லொறிகளும் களத்தில் இறங்கின.

ஆதியில் பாரமேற்றிய முறையைக் கேட்டால் வாசகர்கள் திகைப்பர். ஓடுபாதையின் ஓரத்தில் இடைவெளி விட்டு ஆட்கள் நிற்பார்கள். பலகைச் சறுக்கு வண்டி தம்மைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். தூரம் கூடக் கூட ஆள் கூடும். ஆள் கூடக் கூடப் பாரம் கூடும். இயந்திரங்களின் வேகம் மிகுந்தபோது, ஓடும் வண்டியிற் பாய்ந்து ஏறும் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று அவ்வேலையைச் செய்வது பொறியமைந்த ஓர் இழுவைப் பாரம். அதன் சில்லுகள் உருள உருள, மேலேயுள்ள எடைப் பெட்டி சங்கிலியால் முன்னோக்கி நகர்ந்து, முன்புறத் தட்டை மண்ணோடு அழுத்துகின்றது. முன்னேறுந்தோறும் வண்டிக்குச் சுமை வளர்கின்றது. ஏறக்குறைய 300 அடி சென்றால் முழு இழுவை என்பர். பெரும்பாலானவை அதற்கு முன்பே திணறி நின்றுவிடும்.

தெருவில் ஓடும் இத்தகைய லொறிக்கு 400 தொடக்கம் 600 குதிரைவலு போதுமானது. போட்டிக்கெனத் திருத்தியமைத்த லொறிகளோ 2,000 குதிரைவலுவையும் கடக்கின்றன. இயந்திரத்தின் பருமன் பெரிதும் மாறவில்லை. அதனுட் புகும் காற்றும் எரிபொருளுமே பன்மடங்காகின்றன. இங்கேதான் ஆபத்தின் வித்து இருக்கின்றது. சுழலும் உறுப்பொன்றின் வேகம் இரு மடங்கானால், அதனைப் பிய்த்தெறிய முயலும் விசை நான்கு மடங்காகும். கல்லூரியிற் படித்தவர்கள் இதனைச் சூத்திரமாக மனப்பாடம் செய்திருப்பர். பிஸ்டனைத் தாங்கும் தண்டு இயந்திரத்தின் இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கும்போது, அச்சூத்திரம் வேறு விதமாகப் புரிகின்றது.

தன் எண்ணெயைத் தானே குடித்தல்

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். பெற்றோல் இயந்திரத்திலே எரிபொருளைக் கொளுத்துவது மின்பொறி. சாவியைத் திருப்பிப் பொறியை நிறுத்தினால் இயந்திரம் அடங்கும். றுடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்திலோ பொறியே கிடையாது. காற்று பதினைந்து இருபது மடங்காக நெருக்கப்படும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ஆகவே, டீசல் இயந்திரத்தை நிறுத்துவதென்றால் அதற்கு டீசல் போகாமற் தடுப்பதென்பதே பொருள்.

டீசலைத் தடுத்த பின்னும் வேறெங்கிருந்தாவது எரியக்கூடிய பொருள் கிடைத்தால்? ‘டேர்போ’ என்னும் காற்றூட்டியை எண்ணிப் பாருங்கள். புகையின் விசையாற் சுழன்று, புதுக் காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் கருவி அது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மிக்க வேகத்திற் சுழலும் அதன் அச்சுக்கு இயந்திரத்தின் மசகு எண்ணெயே வழுக்கலைத் தருகின்றது. அங்குள்ள அடைப்புத் தேய்ந்தாலோ உடைந்தாலோ, அவ்வெண்ணெய் காற்றோடு கலந்து உள்ளே பாயும். டீசலுக்குப் பதிலாக அதனையே இயந்திரம் எரிக்கத் தொடங்கும். வேகம் ஏற ஏற எண்ணெயும் மிகுதியாகப் பாயும். எண்ணெய் பாயப் பாய வேகமும் ஏறும். தன் மசகைத் தானே குடித்துத் தீர்க்கும்வரை, அல்லது தான் சிதறும்வரை, அது நில்லாது. சாவியை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை.

காற்றிலே எரிவாயு கலந்திருப்பினும் இதே கதிதான். 2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றியிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் எரிபொருளாவி கசிந்து பரவியது. அருகே இயங்கிக்கொண்டு நின்ற டீசல் வாகனமொன்று அவ்வாவியை உறிஞ்சி, தானாகவே வேகமெடுத்தது. தீ பற்றியது அவ்வாகனத்திலிருந்துதான் என்பதே விசாரணையாளர் கருத்து. அவ்விபத்தில் 15 பேர் மாண்டனர்.

எரிபொருளை மறுக்க முடியாவிடின், காற்றை மறுக்கலாம் அல்லவா? போட்டி விதிகள் கண்ட வழி அதுவே. டீசல் இயந்திரத்தின் காற்று வாயிலிலே ஒரு கதவு பொருத்தப்பட்டிருக்கும். சாரதி அதனைச் சட்டென மூடலாம். சாரதி மயங்கினாலும், வண்டிக்கும் பாரத்துக்கும் இடையிலுள்ள பூட்டுக் கழன்றாலும், பின்புறத்திலிருந்து இழுக்கப்படும் கம்பி அதனை மூடிவிடும். பாரத்தை இயக்குபவரும் அதனை மூடலாம். மூச்சை அடைத்தால் எப்பூதமும் அடங்கும்.

உடைவதை முழுவதும் தடுக்க முடியாதென்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர். கிளச்சையும் பாரச் சில்லையும் சுற்றி உருக்குக் கவசமும், துப்பாக்கிக் குண்டு துளையா அங்கிகளுக்குப் பயன்படும் இழைவகைப் போர்வையும் இடப்படுகின்றன. டேர்போ சிதறினால் அதன் துண்டுகள் புகைக்குழாய் வழியே வானத்துக்குப் பறவாதிருக்க, குழாயின் குறுக்கே இரண்டு ஆணிகளைச் சிலுவை போலப் பூட்டுகின்றனர். மிக மலிவான இவ்விரண்டு ஆணிகளே எம்மை மிகவும் கவர்ந்தன. சாரதிக்குத் தீயணுகா உடை, தலைக்கவசம், இருக்கைப் பட்டி. பார்வையாளர்களுக்கு வேலியும் தூரமும்.

இவையின்றிச் சாகசம் செய்தால் விளைவு என்ன என்பதற்கு அயல்நாட்டுச் சம்பவமொன்று போதும். பஞ்சாப் மாநிலத்தில் உழவு இயந்திரங்களைப் புறமுதுகாகப் பூட்டி ஒன்றையொன்று இழுக்கச் செய்யும் போட்டிகள் பிரசித்தமானவை. முன்சில்லுகளை ஆகாயத்தில் நிறுத்தி வித்தை காட்டுவோரும் உளர். 2023 ஒக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டக் கிராமமொன்றில் அத்தகைய வித்தை காட்டிய இளைஞர் ஒருவர், தமது இயந்திரத்தின் கீழேயே அகப்பட்டு, கூடியிருந்தோர் கண்முன்னே உயிரிழந்தார். சில நாட்களுக்குள் அம்மாநில அரசு உழவு இயந்திரச் சாகசங்களைத் தடைசெய்தது.

வட்டையிலே

மட்டக்களப்பிலே இத்தகைய பந்தயம் இல்லையே என்று வாசகர் கூறலாம். பந்தயம் இல்லைதான், இழுவை உண்டு. மாரியில் பெரும்போக வேளாண்மைக் காலத்தில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களிற் சென்று பாருங்கள். சுரியிற் புதைந்த உழவு இயந்திரத்தை மற்றோர் உழவு இயந்திரம் கயிறு கட்டி இழுக்கும். அங்கே கவசமில்லை, காற்றுக் கதவில்லை, கொடி காட்டுவாருமில்லை. ஆனால் வேடிக்கை பார்ப்போர் உண்டு. பெரும்பாலோர் சிறுவர்.

பின்சில்லு உருண்டால் வண்டி முன்னே போகும். சில்லு உருள முடியாதவாறு சேறு பிடித்துக்கொண்டால், அல்லது இழுபடும் பாரம் அசையாது நின்றால், இயந்திரத்தின் வலு எங்கே போகும்? சில்லைச் சுழற்ற முடியாத வலு, அச்சைச் சுற்றி வண்டியின் உடலையே திருப்பும். முன்சில்லுகள் எழும். முக்கால் விநாடியளவில், இனித் தடுக்க முடியாத நிலையை வண்டி அடைந்துவிடும். ஒன்றரை விநாடிக்குள் அது தலைகீழாகச் சாரதியின்மேற் கவிழும். முக்கால் விநாடி என்பது ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்கும் போதாத நேரம்.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1920களில் அமெரிக்க வயல்களில் நிறைந்திருந்த போர்ட்சன் இயந்திரங்கள் இவ்வாறு பின்னே கவிழ்ந்து பலரைக் கொன்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினாற் போதும். அயர்லாந்து தேசத்தவராகிய ஹரி பேர்குசன், கலப்பையை மூன்று இடங்களிற் பிணைக்கும் முறையை வகுத்தபோது, இக்குறையும் நீங்கியது. கலப்பை தடைப்பட்டால் மேற்பிணைப்பு முன்னோக்கித் தள்ளி, முன்சில்லுகளை நிலத்தோடு அழுத்தும். எமது வயல்களிற் காணும் மெசி பேர்குசன் இயந்திரங்களின் பெயரில் வாழ்பவர் இவரே. ஆனால் இப்பாதுகாப்புக் கலப்பைக்கே உரியது. இழுவைக் கயிற்றை அந்த மேற்பிணைப்பு முளையிற் கட்டுவோர் அதன் பயனைத் தலைகீழாக்குகின்றனர். கயிறு கட்ட வேண்டிய இடம், அச்சுக்குக் கீழே தாழ்ந்திருக்கும் இழுவைச் சட்டம் ஒன்றே.

சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே, புதிய உழவு இயந்திரங்களிற் சாரதியைக் காக்கும் உருக்கு வளைவு இருக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. நாம் வீதியிலும் வயலிலும் காணும் பழைய இயந்திரங்களுட் பலவற்றில் அவ்வளைவு இல்லை.

சென்ற மாரியில் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் நாம் கண்டதைச் சொல்லவேண்டும். எம் மாணவனின் தந்தையாரது இயந்திரம் நெல் விதை மூட்டைகளோடு புதைந்து நின்றது. இளைஞர் ஒருவர் ஆசனத்திலிருந்தார். வேறிருவர் பின்சில்லின் முன்னே தென்னங்குற்றியொன்றைச் செருகினர். மட்காட்டின்மேல் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். நாமும் அருகே நின்றோம். பௌதிகவியல் கற்பிக்கும் நாமே வாய் திறவாது நின்றோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றோம். இளைஞர் கிளச்சைச் சடுதியாக விட்டார். குற்றியிற் சில்லு முட்டியது. முன்சில்லுகள் எழுந்தன, ஒரு முழம், இரு முழம்.

“கிளச்ச மிதி மனே!” என்று வரம்பிலிருந்து ஒரு குரல் இடித்தது.

அவர் மிதித்தார். முன்பகுதி தொப்பென்று சேற்றில் விழுந்தது. சிறுவன் எப்போது குதித்தானோ தெரியாது. அவன் வரம்பில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

குரல் கொடுத்த முதியவர் நாற்பது வருடமாக உழவு இயந்திரம் ஓட்டியவர். ஏடு படித்தவரல்லர். குற்றியை எடுத்து வீசச் சொன்னார். மூட்டைகளை இறக்கச் செய்தார். சில்லின் பின்புறச் சேற்றை மண்வெட்டியால் அகற்றுவித்தார். பின்பு தாமே ஏறி, முன்னே செல்ல முயலாமல், வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுத்தார். பின்னோக்கிச் செல்கையில் அந்தத் திருப்பு விசை முன்சில்லுகளை மண்ணோடு அழுத்துமேயன்றி எழுப்பாது. நாம் கரும்பலகையில் அம்புக்குறி கீறி விளக்கும் விடயத்தை அவர் கால்களால் அறிந்திருந்தார்.

நீர்ப்பம்பியின் டீசல் இயந்திரம் கட்டுமீறி ஓடினால் என்ன செய்வதென அவரிடம் பின்னர் வினவினோம். காற்றுப் போகும் வாயைத் தட்டைப் பலகையால் அடைப்பாராம். கையால் அடைக்கலாகாது, உறிஞ்சும் விசை கையை விடாது. பலகை கிட்டாவிடின் தூர ஓடிவிடுவதே உத்தமம் என்றார். “எஞ்சின் போனா வேற வாங்கலாம் சேர்.”

அன்று மாலை மற்றோர் இயந்திரமும் புதைந்தது. இம்முறை கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. முதியவர் முதலிற் கயிற்றின் நீளத்தை அடியால் அளந்தார். அற்ற கயிறு எவ்வளவு தூரம் வீசுமோ அதற்கும் அப்பால், ஒரு தடியாற் சேற்றிற் கோடு கீறினார். சிறுவர்களை அதற்குப் பின்னே அனுப்பினார். பின்பு எம்மை ஏறிட்டுப் பார்த்தார். நாமும் போய்ச் சிறுவர்களோடு நின்றோம்.