‘5 மணிக்கு மூடிடுவோம்’: மரண தண்டனை நாளில் ஒரு நீதிபதி செய்தது என்ன?

2007 செப்டம்பர் 25. அமெரிக்காவின் டெக்சாஸில், கொலைக் குற்றவாளி மைக்கேல் ரிச்சர்டுக்கு அன்று மாலை விஷ ஊசி போட நாள் குறித்தாச்சு.

ஆனால், விஷ ஊசி முறை செல்லுமா என்று வேறொரு வழக்கில் விசாரிக்க, அன்று காலைதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ரிச்சர்டின் வழக்கறிஞர்கள் அவசரமாகத் தடை மனு தயாரித்தனர். கம்ப்யூட்டர் கோளாறு, கொஞ்சம் தாமதமாகும் என்றனர். வீட்டில் இருந்த தலைமை நீதிபதி ஷாரன் கெல்லருக்கு போன் போனது. அலுவலகம் 5 மணிக்கு மூடப்படும் என்பதே பதில். அன்றிரவே தண்டனை நிறைவேறியது.

இதில் என்ன தப்பு?

தண்டனை நாளில் வரும் கோரிக்கைகளை அதற்கென நியமிக்கப்பட்ட நீதிபதிக்குத்தான் அனுப்ப வேண்டும். அவருக்குத் தகவலே போகவில்லை. இரண்டே நாளில், டெக்சாஸின் இன்னொரு கைதிக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது.

நடவடிக்கை?

வழக்கறிஞர்கள் மீதே அதிக தவறு என்றார் விசாரித்த நீதிபதி. 2010 ஜூலையில் நீதித்துறை ஒழுங்கு ஆணையம் கெல்லரைப் பகிரங்கமாக எச்சரித்தது. அப்படி எச்சரிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என அக்டோபரிலேயே அது ரத்தானது. 2024 வரை கெல்லர் பதவியில் இருந்தார்.

ஒரு மாற்றம் வந்தது: மரண தண்டனை வழக்குகளின் அவசர மனுக்களை இமெயிலிலும் அனுப்ப 2007-லேயே அனுமதி கிடைத்தது.