வீட்டு லேத்துக்கு ஒரு காலெட்

உருளைக் கம்பிகளை லேத்தில் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட எஃகுக் குழல்தான் காலெட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமுக்கு அருகிலுள்ள பீஸ்டனில் தயாரான மைஃபோர்டு எம்.எல்.7 லேத், வீட்டுப் பட்டறைக்காரர்களின் செல்ல இயந்திரம். அதன் ஸ்பிண்டில் எனும் சுழல்தண்டின் வாயில் 2ஆம் எண் மோர்ஸ் டேப்பர் எனும் கூம்புத் துளை. சரிவு ஏறக்குறைய 20க்கு 1. காலெட்டின் வெளிப்பக்கத்தை அதே சரிவில் கடைவார்கள். பின்னாலிருந்து ஸ்பிண்டில் வழியே வரும் இழுகம்பியை முறுக்கினால் காலெட் உள்ளே இறங்கும். பிளவுகள் நெருங்கிக் கம்பியைச் சுற்றிலும் சமமாக இறுக்கும்.

உள்துளையை அந்த லேத்தின் ஸ்பிண்டிலிலேயே காலெட்டைப் பொருத்திக் கடைய வேண்டும். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டேப்பரில் நூலளவு கோணல் இருந்தாலும் துளை சுழல் அச்சிலேயே விழும். மறுமுறை அதே நிலையில் பொருத்த ஒரு புள்ளி அடித்துக்கொள்வார்கள்.

பிளவு அறுப்பது கடைசியில்தான். முந்தினால் எஃகுக்குள் அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து துளையின் வட்டம் கெடும். 120 பாகை இடைவெளியில் மூன்று பிளவுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் விரிசலைத் தடுக்க ஒரு சிறு துளை. உள்ளே மிஞ்சும் பிசிறை அரத்தால் முழுவதும் நீக்க வேண்டும்.

எப்போதாவது பயன்படும் காலெட்டுக்கு மைல்டு ஸ்டீல் போதும். நெடுநாள் உழைக்க வேண்டியதைச் சில்வர் ஸ்டீல் எனும் கடினமாக்கக்கூடிய எஃகில் கடைந்து, செஞ்சூட்டில் தண்ணீரில் தோய்த்து, நீலம் பூக்கும் வரை, அதாவது சுமார் 300 பாகை செல்சியசுக்கு, மீண்டும் காய்ச்சிப் பதமாக்குவார்கள்.