எண் வங்கியுடையது, பேசுவது யார்?

2026 மார்ச் 1-க்குள் கூட்டுறவு வங்கிகளும் வாடிக்கையாளர்களை அழைக்க 1600-இல் தொடங்கும் எண்ணுக்கு மாற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கெடு வைத்தாலும் வைத்தது, மட்டாஞ்சேரியிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. ‘இனி 1600-இல் அழைப்பு வந்தால் நம்பலாமா?’ என்று பாதிப் பேர்; ‘கடை போன்களை இன்டர்நெட்டுக்கு மாற்றிவிட்டோம், ஆபத்தா?’ என்று மீதிப் பேர். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

அரசு சொல்லும் ‘நம்பகமான எண்’ என்றால், அந்த எண் இன்ன நிறுவனத்தின் பேரில் இருக்கிறது என்பது மட்டுமே. பேசும் வாய்க்கு யாரும் ஜாமீன் தரவில்லை. 2021-இல் கோழிக்கோட்டில் போலீஸ் பிடித்த திருட்டு எக்ஸ்சேஞ்சுகளில், இன்டர்நெட் வழியே வந்த வெளிநாட்டு அழைப்பு உள்ளூர் சிம் எண்ணாக வெளியே போனது.

அலுவலக போன் விஷயம் இன்னும் நூதனம். அலுவலக போன்களை இன்டர்நெட் வழியே இணைத்தபடி மூலையில் இருக்கும் ஐபி பிபிஎக்ஸ் பெட்டிக்கு மேசையும் தெரியாது, ஆளும் தெரியாது. 101 என்ற உள் எண்ணையும் அதன் பாஸ்வேர்டையும் யார் கொடுத்தாலும், உலகின் எந்த மூலையிலிருந்து கொடுத்தாலும், அவர்தான் 101. இந்தப் பெட்டிகளின் வழக்கமான வாசல் 5060 என்ற போர்ட்; இணையத்தில் திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டுகளைத் தேடி நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. 100, 101, 102 என்று வரிசையாகத் தட்டும். 101-க்குப் பாஸ்வேர்டும் 101 என்றால் வேலை சுலபம்.

சனி இரவு பஜார் ரோட்டில் ஷட்டர் இறங்கியதும், இப்படி உள்ளே நுழைந்த திருடனின் அழைப்புகள் தொடங்கும். யாரிடமும் பேச அல்ல. வெளிநாட்டில் நிமிடக் கட்டணம் அதிகமான எண்களைத் திருடனே எடுத்து வைத்திருப்பான். அங்கே சேரும் கட்டணத்தில் ஒரு பங்கு அவனுக்கு. திங்கள்கிழமை கடை திறக்கும்வரை கேட்பாரில்லை. பில் மிளகு வியாபாரிக்கு வரும். எண் அவருடையது, பாஸ்வேர்டும் அவருடையது. ‘நான் பேசவில்லை’ என்று எதை வைத்து நிரூபிப்பார்?

பாஸ்வேர்டு பலமாக இருந்தாலே போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில், இத்தகைய பெட்டிகளை நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே விட்டது.

அப்படியானால் ஐஎஸ்டி அழைப்புகளை என்ன செய்வது? தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து மூடுங்கள். ஏற்றுமதிக்காரர்கள் வேண்டிய நாடுகளை மட்டும் திறந்து, தினசரி வரம்பும் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டுக்கேட்க முடியுமா? குறியாக்கம் இல்லாவிட்டால், அதே நெட்வொர்க்கில் நுழைந்த லேப்டாப் ஒன்று போதும்.

கரண்ட் போனால்? யுபிஎஸ் இல்லையென்றால் போனும் போகும்.

மசாலா மண்டிக்கு 1600 எண் கிடைக்குமா? கிடைக்காது.