இரண்டு வார ஊழியத்திற்குப் போகிற மாணவர்கள்



அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து, கோடை விடுமுறை நெருங்கும்போது, சிலருக்கு ஒரு கடிதம் வருகிறது. கல்லூரியில் படிக்கும் பேரனோ பேத்தியோ எழுதியிருப்பார்கள்: "எங்கள் சபை வாலிபரோடு இரண்டு வாரம் மிஷன் பயணம் போகிறேன். ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்குங்கள்." இதைப் பெற்ற பங்காளர்கள், "ஐயா, இதற்குக் கொடுக்கலாமா? விமான டிக்கெட்டுக்குப் போகிற பணத்தை நேரே ஒரு பணித்தளத்திற்கு அனுப்பினால் அதிகப் பிரயோஜனம் அல்லவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்னால் இயன்ற விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

மாணவர்களுக்கும் மிஷனெரிப் பணிக்கும் உள்ள உறவு பழமையானது. 1806ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர், இடிமழைக்கு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி ஜெபித்தார்கள். அதன் பலனாக 1810இல் அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கம் உண்டாயிற்று. யாழ்ப்பாணத்திற்கு ஊழியரை அனுப்பியது அந்தச் சங்கமே. 1886ஆம் ஆண்டு கோடையில் அதே மாநிலத்தின் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் டி. எல். மூடி நடத்திய மாணவர் முகாமில் நூறு பேர் மிஷனெரிகளாகப் போக ஒப்புக்கொடுத்தார்கள்.

ஆனால் அவர்கள் ஒப்புக்கொடுத்தது ஆயுள் முழுவதற்கும். கப்பலேறினால் வந்து சேர மாதக்கணக்காகும் காலம் அது. இரண்டு வார ஊழியத்தை யாரும் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

சாலையும் விமானமும் அதை மாற்றின. 1957ஆம் ஆண்டு கோடையில் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோவுக்குப் போய்ச் சுவிசேஷப் பிரதிகளைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஆப்பரேஷன் மொபிலைசேஷன். 1960இல் லோரன் கன்னிங்ஹாம் வாலிபருக்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டை ஒட்டி ராபர்ட் வுத்னோ என்ற சமூகவியலாளர் எடுத்த கணக்கின்படி, அமெரிக்கச் சபையாரில் சுமார் 16 லட்சம் பேர் ஓர் ஆண்டில் இப்படி வெளிநாடு போய்வந்தார்கள்.

ஹோண்டுராஸ் கற்பித்த பாடம்

1998இல் மிட்ச் என்னும் புயல் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டைப் பாழாக்கியது. வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்காவிலிருந்து குழுகுழுவாக வந்தார்கள். அந்நாட்டிலேயே வாழ்ந்து வந்த கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர் இதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். ஒரு வீட்டைக் கட்ட ஆன செலவு ஏறத்தாழ 2,000 டாலர். ஒரு குழு வந்துபோக ஆன செலவோ அதைப்போலப் பல மடங்கு. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும், வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

அடுத்து, போய்வந்தவர்களை விசாரித்தார். பயணத்திற்குப் பின் தங்கள் கொடுத்தல் கூடியிருப்பதாகப் பலர் சொன்னார்கள். நிறுவனத்தின் வரவுப் பதிவேட்டிலோ அந்த மாற்றம் காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எல்லாம் வீண்" என்று தள்ளிவிடக் கூடாது. எதை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. இந்தப் பயணத்திற்கான காணிக்கையை ஏழைக்குச் செய்த உதவியாக எழுதினால் கணக்கு உதைக்கும். ஒரு வாலிபனுடைய படிப்புச் செலவாக எழுதுங்கள், அப்போது சரியாக வரும். படிப்புச் செலவு என்றால், படித்தானா என்றும் பார்க்கவேண்டும் அல்லவா? அவன் ஊர் திரும்பிய பின்புள்ள மாதங்களே அதற்குப் பரீட்சை.

எழுபது பேரின் பயணம்

வேதத்திலும் ஒரு குறுகிய காலப் பயணம் உண்டு. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அவர் கொடுத்த கட்டளைகளைக் கவனியுங்கள். பணப்பை எடுத்துப்போகக் கூடாது. ஆகவே போகிற இடத்தாரை நம்பியே இருக்கவேண்டும். வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்கவேண்டும். முன்னே வைப்பதைச் சாப்பிடவேண்டும். கொடுக்கப் போகிறவன் முதலாவது வாங்கிக்கொள்ளப் பழகவேண்டும் என்பதே இதன் கருத்து.

திரும்பி வந்தபோது அவர்கள் சந்தோஷத்தோடு அறிக்கை கொடுத்தார்கள். ஆண்டவர் அதைக் கேட்டார், எதைக் குறித்துச் சந்தோஷப்படவேண்டும் என்று திருத்தவும் செய்தார். அனுப்பியவருக்கு, திரும்பி வந்தவர்களுக்குப் போதிக்கிற கடமையும் உண்டு.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், நம் திருநெல்வேலிச் சீமையின் வி. எஸ். அசரியா பேசினார். மிஷனெரிமார் செய்த தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டார். வீடு கட்ட வருகிறவர்களும் அந்த வேண்டுதலை நினைவில் வைப்பது நலம்.

வார்டில் காண்பது

மாணவர்கள் மிஷன் மருத்துவமனைக்கு வருகையில் ஒரு காரியம் முக்கியம். படுக்கையில் இருக்கிற நோயாளிக்கு "வேண்டாம்" என்று சொல்வது மகா கடினம். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிற ஏழைத் தாய்க்கு அது இன்னும் கடினம். யாராவது போட்டோ எடுக்கக் கேட்டால் தலையசைத்துவிடுவாள். படிப்பு முடியாத மாணவன் ஊசி போட வந்தாலும் கையை நீட்டிவிடுவாள். தன் நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை, ஏழை நாடு என்பதற்காக இங்கே செய்து பழகுவது ஊழியம் அல்ல. குழந்தைகள் இல்லங்களிலும் அப்படியே. பத்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் வரிசையாக வந்தால், பிரிவின் வேதனையைத் திரும்பத் திரும்பச் சுமப்பது அந்தக் குழந்தையே.

அப்படியானால் மாணவன் செய்யக்கூடியது என்ன? இரவு முழுவதும் விழித்திருக்கும் நர்ஸ் அம்மாவுடைய வேலையைப் பார்க்கலாம். ஸ்டோரில் மருந்துப் பெட்டிகளை அடுக்கலாம். நோயாளியின் உறவினரோடு வராந்தாவில் உட்கார்ந்து நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொள்ளலாம். சிறிய காரியங்கள்தான், ஆனால் இவை கண்ணைத் திறக்கும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

கண் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. மவுண்ட் ஹெர்மனுக்கு அடுத்த நார்த்ஃபீல்டில் மூடி நிறுவிய பெண்கள் பள்ளியில் படித்தவர் ஐடா ஸ்கடர். 1890இல், தாயார் நோயுற்றதால், கொஞ்சகாலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனம் வந்தார். மிஷனெரியாகும் விருப்பமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரும்படி அவரை அழைத்தார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டரை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அம்மையார் அன்று யாருக்கும் வைத்தியம் செய்யவில்லை. செய்ய அறியவும் இல்லை. திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி பிறந்தது. அந்த இரவின் பலனை, அதற்குப் பின் வந்த வருஷங்களே காட்டின.

கொடுக்குமுன் கேளுங்கள்

2003இல் அமெரிக்க மிஷன் நிறுவனங்கள் பல கூடி, குறுகிய காலப் பயணங்களுக்கு ஏழு நெறிகளை வகுத்தன. பங்காளித்துவம், பயிற்சி, பயணத்திற்குப் பின்னுள்ள தொடர்பணி ஆகியவை அவற்றில் அடங்கும். நாம் கேட்கவேண்டியவற்றை எளிதாகச் சொல்கிறேன்:

1. அழைத்தது யார்? அங்குள்ள சபையா, அல்லது இங்கிருந்து தாங்களே தீர்மானித்ததா?
2. உள்ளூர்க்காரர் கூலிக்குச் செய்யக்கூடிய வேலையை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா?
3. அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டுப் போகிறார்களா? இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவர் பிரசங்கம் செய்ய இடமில்லை.
4. புறப்படுமுன் என்ன பயிற்சி? மொழியும் பழக்கவழக்கமும் கொஞ்சமாவது கற்றார்களா?
5. திரும்பியபின் ஓர் ஆண்டு அவர்களை விசாரித்து நடத்துவது யார்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதானால், கூடியவரை அதே தொகையை அவர்கள் போகிற பணித்தளத்திற்கும் கொடுங்கள். பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, "நீ யாருடைய வீட்டில் சாப்பிட்டாய்? அவர்கள் பெயர் என்ன? இப்போது அவர்களுக்காக ஜெபிக்கிறாயா?" என்று போன் பண்ணிக் கேளுங்கள். மனம் சோர்ந்து திரும்பியிருந்தால் தள்ளிவிடாதீர்கள். பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவைப் பர்னபா மறுபடியும் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அவன் ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே எழுதினார்.

இந்தக் கோடையில் புறப்படுகிற வாலிபருக்காகவும், அவர்களை ஏற்று உணவு பரிமாறும் எளிய வீட்டாருக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்