முழங்காலை முடக்கிவிடாதீர்!

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, விசைத்தறியின் ஓசை ஓயாத சங்கரன்கோவில் தெருக்களில் நான் காணும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் ஒரு தாய். வீங்கிய முழங்காலின் அடியில் ஒரு தலையணை. "அசைத்தால் உயிர் போகிறது, சாமி, அதனால் அசைப்பதேயில்லை" என்பார். "ஆமாம் அம்மா, ஓய்வாகவே இருங்கள்" என்று நானும் பன்முறை கூறியதுண்டு. அது தவறான ஆறுதல் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இந்நோயை நம் முன்னோர் சரவாங்கி என்றனர். மருத்துவர்கள் முடக்குவாதம் என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. ஆண்களினும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு.

வலிக்கு அஞ்சிக் காலை அசையாது வைத்தால் நேர்வது என்ன? தொடையின் முன்தசை மெலிகிறது. தசை தாங்காத பாரம் மூட்டின்மேல் விழ, வலி மேலும் பெருகுகிறது. தலையணைமேல் மடங்கியே கிடக்கும் முழங்கால் நாளடைவில் அவ்வாறே இறுகிவிடுகிறது. பின்பு நிமிர்ந்து நிற்பதும் அரிதாகும்.

பயிற்சியால் மூட்டு பழுதாகுமோ என்ற அச்சம் மருத்துவ உலகிலும் இருந்தது. நெதர்லாந்து நாட்டில் முடக்குவாத நோயாளிகள் 309 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பிரிவினர் ஈராண்டுகள் வாரம் இருமுறை தீவிரப் பயிற்சி செய்தனர். அவர்களது செயல்திறன் உயர்ந்தது. பெரிய மூட்டுகளில் பொதுவாகச் சேதம் மிகவில்லை. ஆயினும் முன்னரே பெரிதும் பழுதுற்ற மூட்டுகளுக்குத் தீவிரப் பயிற்சியில் எச்சரிக்கை தேவை.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியனவே. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கடியில் மடித்த துண்டொன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 எண்ணித் தளர்த்துக. முடிந்ததும் துண்டை எடுத்துவிடுக. அடுத்து, நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, 5 எண்ணி இறக்குக. ஒவ்வொன்றும் 10 முறை போதும். பயிற்சியால் எழுந்த வலி 2 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்க. மூட்டு வீங்கிச் சுடும் நாளில் மெல்ல மடக்கி நீட்டினாலே போதுமானது.

மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் நம்புவது பெரும் பிழை. மூட்டு அரிக்கப்படாமல் காப்பது மருந்து. மூட்டை இயங்க வைப்பது பயிற்சி. மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் காட்டிய பின்னரே தொடங்குக. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க இயலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கவும் வழி செய்யப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அன்பு வாசகரே, வீட்டிலுள்ள மகனோ மருமகளோ நாள்தோறும் பத்து நிமிடம் அருகிலமர்ந்து எண்ணிக்கை சொன்னால், தளர்ந்த தாய்க்குத் துணிவு பிறக்கும். ஆலயத்தில் முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே மன்றாடலாம், அதில் குறையேதுமில்லை. ஆயினும் தம் கால்களால் ஆலயம் வரை நடந்து வருவாராயின் அது எத்துணை மகிழ்ச்சி! அடுத்த முதல் வெள்ளியன்று, "அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள், அம்மா" என்றே நான் சொல்வேன்.